தீர்த்தகிரியின் பட்டியலில் ஒரு வரி

போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணை ஒழிக்க வேண்டியதாயிற்று. வயதானவர்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிடி உடைந்த குக்கர், பிரிவுபசார விழாவில் மாணவர்கள் கொடுத்த சுவர்க்கடிகாரங்கள் (எனக்கு ஐந்து கொடுத்தார்கள், ஐந்தும் ஓடவில்லை), யாருக்கும் வேண்டாத விடைத்தாள் கட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் பழைய போர்வையில் சுற்றி, சணல் கயிற்றால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிய ஒரு கணினிப் பெட்டி இருந்தது. சுற்றியதும் கட்டியதும் நான்தான். மறைக்க வேண்டிய பொருளைத்தான் மனிதன் அவ்வளவு அக்கறையாகக் கட்டுவான்.

பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். அவர்கள் இப்போது கூவுவதில்லை. குட்டி வண்டியில் ஒலிபெருக்கி வைத்து, யாரோ ஒரு பெண் குரலில் பதிவு செய்ததை ஓடவிட்டுத் தாங்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பெட்டியைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவரால் நான்கு திருகுகளைக் கழற்றி, உள்ளே மூலையில் இருந்த சின்ன இரும்புப் பெட்டியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, கொய்யாப்பழத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது போல ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"இதுல ஒண்ணும் இல்லீங்க. வெறும் தகர டப்பா. உள்ள செம்பு இருந்தா கையில கனக்கும்ங்க. யாரோ உங்க தலையில கட்டியுட்டுட்டாங்க."

யாரோ அல்ல. ஆனால் அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது. அந்தச் சின்னப் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் எடுத்துப் போகச் சொன்னேன்.

அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதற்குத் தேவையான அளவில் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். அதில் ஐந்நூறு வாட் என்று பளபளப்பான எழுத்தில் அச்சடித்திருந்தது. ஸ்டிக்கர் இன்னும் உரியவில்லை. பெட்டிக்குள் இருந்ததைவிட ஸ்டிக்கர் தரமானது.

நான் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் கற்பித்தவன். வாட் என்றால் என்ன என்று நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் மின்வாரியத்தில்கூட இருக்கிறார்கள். பழைய இரும்புக்காரர் ஒரு நொடியில் கையால் கண்டுபிடித்ததை எட்டு வருடங்களுக்கு முன்னால் இன்னொருவனும் அதே மாதிரி கையால் கண்டுபிடித்துச் சொன்னான். அவன் என் தம்பி தீர்த்தகிரி. நான் அவனைக் கேலி செய்து வாயடைத்தேன்.

தீர்த்தகிரி பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தான். விவசாயி கொண்டுவரும் பெட்டியைத் தூக்குவான், கீழே வைப்பான், எடை சொல்வான். தராசு அதற்குப் பிறகுதான். அரை கிலோ முன்னே பின்னே இருந்தால் பெரிது. மேல் அடுக்கில் சிவப்பாக, கெட்டியாக நான்கு வரிசை வைத்து, அடியில் நசுங்கியதை நிரப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டியைத் தூக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். "அடியில இருக்கறது தண்ணி உட்டுக்கிச்சுங்க, பெட்டி ஒரு பக்கமா சாயுது" என்பான். கொட்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒருமுறை அவனைப் பார்க்க மண்டிக்குப் போயிருந்தபோது இதை நேரில் பார்த்தேன். எனக்கு அது தெருவில் வித்தை காட்டுகிறவனின் திறமை போலப் பட்டது. கைதட்டலாம், ஆனால் படிப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாது.

அவன் எட்டாவதோடு நின்றுவிட்டான். ஏன் என்று கேட்டால் "தலையில ஏறலீங்க" என்பான். நான் அப்போது சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்குப் பணம் அனுப்ப ஒரு ஆள் கரும்புக் காட்டு வேலையில் இறங்க வேண்டியிருந்தது. யார் தலையில் எது ஏறவில்லை என்பதை நான் அந்த நாளில் யோசித்ததில்லை. அந்த வருடம் கரும்பு வெட்டில் தோகை ஒன்று அவன் வலது கண்ணைக் கீறிவிட்டது. ஏதோ பச்சிலையைப் பிழிந்து விட்டிருக்கிறார்கள். நான் லீவுக்கு வந்தபோது கருவிழியில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. "எரியுதாடா?" என்று கேட்டேன். "இப்ப எரியலீங்ணா, தெரியத்தான் இல்ல" என்றான்.

அந்தக் கண்ணோடு போனது அவனுடைய லாரி. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளில் தொற்றிக்கொண்டு திரிந்தவன் அவன். டிரைவர் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒற்றைக் கண்ணுக்குக் கனரக வாகன லைசென்ஸ் தரமாட்டார்கள். மூன்று தடவை போய்க் கேட்டுப் பார்த்தான். எனக்கு அது ஒரு இழப்பாகவே தோன்றவில்லை. லாரி ஓட்டுவதெல்லாம் ஒரு லட்சியமா? நல்லதாய்ப் போயிற்று, குடிகாரன் ஆகாமல் தப்பித்தான் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடுகள் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ஸ்டீயரிங் தொங்கிக்கொண்டிருந்தது. ஓசூரில் யாரோ ஒருவர் வைத்து விளையாடிய கருப்பு ஸ்டீயரிங், இரண்டாம் கை. அவன் மடியில் மண்டியின் நீள நோட்டு. கடைசிப் பக்கங்களில் பென்சிலால் என்னவோ எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தான்.

"என்னடா இது, மளிகைப் பட்டியலா?"

"கம்ப்யூட்டருங்ணா. ரெடிமேடா வாங்கறதில்ல. ஒவ்வொரு பார்ட்டா நாமளே பாத்து வாங்கி நாமளே மாட்டிக்கறது."

"எதுக்கு?"

"லாரி ஓட்டறதுக்குங்ணா."

அவன் மனைவி சாந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நெசமான லாரின்னு நெனச்சிக்காதீங்க மாமா. டிவிக்குள்ள ஓடற லாரி. இவரு இங்க ஒக்காந்து திருப்புவாராம், அது அங்க திரும்புமாம். அம்பத்திரண்டு வயசுக்கு வேற என்ன வேணும்?"

"நீ ஏறாத. உன்ன யாரு ஏறச் சொன்னா?" என்றான் அவன்.

"கிளீனர் இல்லாம லாரி போவாதுல்ல. அதான் கேட்டுக்கிட்டேன்."

லாரி வாங்குவதற்கு முன் ஸ்டீயரிங் வாங்கியவன் உலகத்திலேயே என் தம்பி ஒருவன்தான் என்று டீக்கடையில் சொன்னேன். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். ஹாரன் அடித்துப் பழகுகிறான் என்றேன். லுங்கியைக் காக்கியில் தைக்கச் சொல்லியிருக்கிறான் என்றேன். எல்லாம் பொய். ஆனால் நன்றாகச் சிரித்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வகுப்பு இல்லாத குறையை டீக்கடை தீர்த்து வைக்கும்.

அவன் அந்தப் பட்டியலை ஒரு வருடம் எழுதினான். மிகைப்படுத்தவில்லை, ஒரு வருடம். மண்டி முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தால் செல்போனில் கணினி மாட்டிக் காட்டுகிறவர்களின் வீடியோக்களைச் சத்தமாக வைத்துப் பார்ப்பான். அவனால் ஒதுக்க முடிந்தது நாற்பதாயிரம். அந்த நாற்பதாயிரத்துக்குள் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அவன் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிராசசரில் ஒரு படி கீழே இறங்கினால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி மேலே ஏறலாம். லாரி ஆட்டத்துக்கு எது முக்கியம்? கார்டுதான் என்று ஒருவர், இல்லை, பிராசசர்தான் என்று இன்னொருவர். ராம் எட்டு ஜிபி, ஆனால் இரண்டு நாலாக வாங்காமல் ஒரே எட்டாக. அப்போதுதான் பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்கும், பின்னால் கையில் காசு வரும்போது இன்னொரு எட்டு சொருகலாம். மானிட்டர் வேண்டாம், வீட்டு டிவி போதும். பழைய கிராபிக்ஸ் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா என்று இரண்டு மாதம் தவித்துவிட்டு அந்த வரியை அடித்துவிட்டான். "இராப்பகலா ஓட்டிக் கழிச்சதா இருக்கும்ங்ணா. வெளியில தொடச்சி வெச்சிருப்பானுங்க. நம்ம மண்டியில பாக்காததா?"

பெட்டிக்கு அவன் எழுதியிருந்தது இருப்பதிலேயே மட்டமான விலை. கலர் லைட் வேண்டாமா என்று கிண்டலாகக் கேட்டேன். "தகரப் பொட்டி போதுங்ணா. காத்து போனாப் போதும்."

ஆனால் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதிய வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தான். கம்பெனி பெயர், மாடல், எல்லாம் தமிழ் எழுத்தில். விலை கிட்டத்தட்ட நான்காயிரம்.

"கரண்டு பொட்டிக்கா இவ்வளவு?"

"எதுல வேணாலும் கொறைக்கலாங்ணா. இதுல கொறைக்கக் கூடாது. இது கெட்டா ஒண்ணா கெடாது, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போவும். ஸ்டிக்கர்ல ஐநூறு, அறுநூறுன்னு என்ன வேணாலும் ஒட்டறானுங்க. மேல நல்ல பழம் அடுக்கற மாதிரிதான். கையில தூக்கிப் பாத்தா தெரிஞ்சிடும். நல்லதுன்னா கனமா இருக்கும்."

"எடைக்கும் வாட்டுக்கும் என்னடா சம்பந்தம்? வாட் என்பது திறன். எடை என்பது விசை. இரண்டும் வேற வேற அலகு."

அவன் தலையாட்டினான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்ணா. இருந்தாலும் கனமா இருக்கும்."

வாங்கப் போக வேண்டிய நாளில் மண்டியில் லோடு குவிந்துவிட்டது. முதலாளி லீவு தரவில்லை. ஆன்லைனில் வாங்க அவனுக்கு மனம் இல்லை. தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவன். தருமபுரியில் கணினிக் கடை வைத்திருந்தவன் என்னிடம் படித்தவன். நான் போய் வாங்கி வருகிறேன் என்று நானே சொன்னேன். அவன் பட்டியலைக் கிழிக்காமல், நோட்டை அப்படியே என்னிடம் கொடுத்தான். மண்டிக்குப் போவதற்கு முன், நான் பஸ் ஏறும் வரை கூடவே வந்தான்.

"அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸ மட்டும் கையில தூக்கிப் பாத்துடுங்ணா."

"சரிடா."

கடையில் என்னைப் பார்த்ததும் என் மாணவன் எழுந்து நின்றான். "சார், உக்காருங்க சார். எத்தன வருசம் ஆச்சுங்க சார்!" ஃபேனை என் பக்கம் திருப்பினான், டீ வரவழைத்தான். அங்கிருந்த மற்றவர்களிடம் "எங்க ஃபிசிக்ஸ் சாருங்க, அடி பின்னி எடுப்பாரு" என்று பெருமையாகச் சொன்னான். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்காக ஒருவன் எழுந்து நின்று அதே நான்கு வருடம் ஆகியிருந்தது.

பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த வரியில் நின்றான். "இது எதுக்குங்க சார் தனியா? இதோ, இந்த கேபினெட் எடுத்துக்கிட்டீங்கன்னா அதோடயே எஸ்.எம்.பி.எஸ். வந்துடுது. ஐநூறு வாட்டு. தனியா ஒரு நாலாயிரம் வேஸ்டுங்க சார். யாருங்க இத எழுதிக் கொடுத்தது?"

"தெரிஞ்சவன் ஒருத்தன். அரைகுறை" என்றேன்.

"நெட்டுல பாத்துட்டு வந்துடறாங்க சார். சாருக்குத் தெரியாததா?"

சாருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நான் ஸ்டிக்கரைப் படித்தேன். ஐந்நூறு. அவன் எழுதியிருந்ததோ நானூற்றைம்பது. நானூற்றைம்பதைவிட ஐந்நூறு பெரிது. இந்தக் கணக்குக்கு எம்.எஸ்ஸி. தேவையில்லை, ஆனால் அன்று நான் எம்.எஸ்ஸி.யை வைத்துத்தான் போட்டேன். கையில் தூக்கிப் பார்க்கவில்லை. அது தக்காளிக்காரன் செய்வது.

மூன்றாயிரத்துச் சொச்சம் மிச்சம் ஆயிற்று. அந்தப் பணத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் செய்தது அதைவிடக் கேவலம். அதை அவன் கையில் கொடுத்து, "என் மாணவன் கடை. என் முகத்துக்காகக் குறைச்சுக் கொடுத்தான்" என்றேன். தீர்த்தகிரிக்கு வாயெல்லாம் பல். தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்கண்ணன் போய் நின்னாப் போதும், கடக்காரன் வெலயக் கொறச்சிடறான்" என்று சொன்னான். அவன் என்னைப் பற்றி டீக்கடையில் சொன்ன கதை அது. நான் அவனைப் பற்றிச் சொன்னதை உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பிறகு அவன் பெட்டியைத் திறந்தான். முதல் வேலையாக நான்கு திருகுகளைக் கழற்றி அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை வெளியே எடுத்தான். இடது கையில் வைத்தான். வலது கைக்கு மாற்றினான். முகம் மாறிவிட்டது.

"இது நான் எழுதனது இல்லீங்களேண்ணா."

"அது ஸ்டாக் இல்லை. இது அதைவிட ஒசத்தி. ஐந்நூறு வாட் போட்டிருக்கு பார்."

"லேசா இருக்குதுங்ணா."

"டேய், எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படிச்சது நீயா நானா? தொழில்நுட்பம் முன்னேற முன்னேற எடை குறையும். உன் காலத்து ரேடியோ எவ்வளவு கனம், இப்ப செல்போன் எவ்வளவு கனம்? கரும்பு வெட்டினவன் எனக்கு வாட் சொல்லித்தர வேண்டாம்."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது என்று சொல்லி முடித்த உடனே தெரிந்தது. ஆனால் வாத்தியார்கள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. அவன் அந்தச் சின்னப் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். திருகுகளைப் பொறுக்கி எடுத்துப் பழைய இடத்திலேயே மாட்டினான். அவன் அந்த வருடத்தில் கற்ற அத்தனையும் அந்த நான்கு திருகுகளோடு என் பேச்சுக்கு அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மாட்டினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் தொடுவதற்கு முன் இரும்புக் கட்டில் காலைத் தொட்டுக்கொண்டான், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிப் போக. அது நான் பத்தாம் வகுப்பில் சீப்பும் காகிதத் துணுக்கும் வைத்து நடத்திய பாடம். நான் அதை எதற்கும் பயன்படுத்தியதில்லை. பிராசசர் மேல் தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு வைத்துவிட்டு, "அதிகமோ?" என்று சாந்தாவைக் கேட்டான். "பூரிக்கு மாவு உருட்டறப்ப நான் உங்ககிட்டக் கேட்டனா?" என்றாள். ஒயர்களை எல்லாம் பின்பக்கமாகக் கொண்டுபோய், தக்காளிப் பெட்டி கட்டுவது போலச் சீராகக் கட்டினான். சாயங்காலம் சுவிட்சைப் போட்டான். பெட்டியில் நான்கு நிற விளக்கு எரிந்தது. அவன் கேட்காத விளக்கு.

ஒன்பது நாள் ஓட்டினான். நம் ஊர்ச் சாலைகளையே யாரோ வரைந்து அந்த ஆட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். சுங்கச்சாவடி, வேகத்தடை, குறுக்கே வரும் மாடு, எல்லாம். மற்றவர்கள் இந்த மாதிரி ஆட்டத்தில் இடிப்பதற்கும் பறப்பதற்கும் உட்காருவார்கள். அவன் சிவப்பு விளக்குக்கு நின்றான். லோடு ஏற்றியிருந்தால் நாற்பதைத் தாண்டவில்லை. சாந்தா டீ கொண்டுவந்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் டம்ளரை வாங்குவான். ஒருநாள் போய் நின்றேன். ஒரு கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தான். "எறக்கத்துல நியூட்ரல்ல உடக் கூடாதுங்ணா. டீசல் மிச்சம் புடிக்கறேன்னு உடறானுங்க, தொப்பூருல போய்க் கவுக்கறானுங்க" என்றான், திரும்பாமல். அந்த ஒற்றைக் கண் சாலையைவிட்டு நகரவில்லை. பொம்மைக்கு இவ்வளவு பாவனையா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம் என் வீடு வரை கேட்டது. போனபோது அறை முழுக்கக் கருகிய நாற்றம். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எவனாவது மின்தடையை எரித்துவிட்டால் வருமே, அதே நாற்றம். எதனால் வருகிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தீர்த்தகிரி கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேஸ்ட்டு அதிகமா வெச்சிட்டேன் போலிருக்குதுங்ணா" என்றான்.

மறுநாள் நான் அதை என் மாணவன் கடைக்கு எடுத்துப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழுது பார்க்கிற வேறொருவரிடம் போனேன். அவர் பிரித்து, முகர்ந்து, அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இதுதாங்க. மட்டமான சரக்கு. போறப்ப போர்டையும் கார்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. கருகிக் கெடக்கறதால வாரண்டியும் வராதுங்க." பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாட்டுனவரு என்னமா சுத்தமா மாட்டியிருக்காருங்க! ஒயரெல்லாம் பின்னாடி கொண்டுபோயி... யாருங்க மாட்டுனது?"

"தெரியலை" என்றேன்.

தருமபுரியிலிருந்து எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் சிறிது நேரம்தான். ஒரு பொய்யைச் செய்து முடிக்க அது தாராளம். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"என்னன்னு சொன்னாங்ணா?"

"மாட்டினதுல கோளாறாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவன் ஏதாவது கேட்பானோ என்று பயம். எனவே குரலை உயர்த்தினேன். "தக்காளி அடுக்கறவன் கம்ப்யூட்டர் அடுக்கினா இப்படித்தான் ஆகும். நான் அப்பவே சொல்லலை?" சாந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் திரும்பினான். உள்ளே போய் ஆணியிலிருந்து ஸ்டீயரிங்கை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கருகிய பெட்டியை நானே பரணில் வைக்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். அண்ணன் எவ்வளவு பொறுப்பானவர் பாருங்கள்.

அதன்பின் அவன் எதையும் கழற்றி மாட்டவில்லை. மிக்ஸி ஓடாவிட்டால் முன்பெல்லாம் அவன்தான் பிரிப்பான். இப்போது கடைக்கு அனுப்பினான். பல்ப் மாற்றுவதுகூட சாந்தாதான். "எங்கைக்கு இதெல்லாம் ஆவாது" என்பான். மண்டியிலும் தராசு சொல்வதற்கு முன் எடை சொல்வதை நிறுத்திவிட்டான் என்று அங்கே வேலை செய்த ஒருவர் ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். வயசாயிடுச்சில்ல என்றார் அவர். ஆமாம் என்றேன். பிறகு சர்க்கரை வந்து மிச்சமிருந்த இடது கண்ணையும் மெல்லமெல்லத் தின்றது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். மண்டியிலிருந்து நின்றுவிட்டான். ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளைக் காதால் பார்க்கிறான். "பதினாலு டயரு, காலியா போவுது" என்பான்.

பழைய இரும்புக்காரர் போன பிறகு அந்தச் சின்னப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் தைரியத்தால் செய்தது எதுவும் இல்லை; இதுவும் அல்ல. தகர டப்பா என்று ஒரு மூன்றாம் மனிதர் சத்தமாகச் சொன்ன பிறகு அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"வெள்ளையடிச்சி முடிஞ்சிதுங்களா?" என்றான் காலடிச் சத்தத்தைக் கேட்டு.

நான் அதை அவன் கையில் வைத்தேன். தடவினான். இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான்.

"எஸ்.எம்.பி.எஸ்ஸு" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் தூக்கிப் பார்க்காதது, மாணவன் என் முகத்துக்காக விலையைக் குறைக்காதது, பழுது பார்த்தவர் சொன்னது, நான் வந்து சொன்னது. பாடம் நடத்துகிற குரலில்தான் சொல்ல வந்தது. வேறு குரல் என்னிடம் இல்லை. சாந்தா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருசமா இந்த மனுசன் ஒரு பல்ப்பத் தொடலீங்க மாமா" என்றாள். "நீங்கல்லாம் படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னை ஒருவர் ஒழுங்காகத் திட்டியது அன்றுதான்.

அவனும் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவன் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருகுத் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். பிறகு கேட்டான்:

"அப்ப நான் மாட்டனது கரெக்ட்டுதானுங்களா?"

"கரெக்ட்டுதான்டா."

"பேஸ்ட்டு?"

"அதுவும் சரியாத்தான் இருந்துது."

"ராம் முழுசா உக்காரலையோன்னுகூட ரொம்ப நாள் யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

"மாட்டினவர் யாரு, இவ்வளவு சுத்தமா மாட்டியிருக்காரேன்னு அந்த ஆள் கேட்டார்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன்."

அவன் சிரித்துவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல அது. பெட்டியைத் தூக்கி எடை சொல்லி, தராசு முள் அதே இடத்தில் வந்து நிற்கும்போது மண்டியில் சிரிப்பானே, அது. "சாந்தா, கேட்டியா?" என்றான்.

"மறுபடி எல்லாம் வாங்கலாம்டா. அதே பட்டியல்" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு கேனத்தனம் என்று தெரிந்தது. அந்த நோட்டு மண்டிக் கணக்கோடு எங்கோ எடைக்குப் போயிருக்கும். அந்தக் கார்டு இப்போது எங்கேயும் வருவதில்லை. என் மாணவன் கடையில் இன்று வேறு யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். ஸ்டீயரிங்கின் ரப்பர் பிசுபிசுத்து, சாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். நாற்பதாயிரத்துக்குள் ஒரு லாரியைக் கொண்டுவர ஒரு வருடம் பென்சிலால் எழுதி எழுதி அழித்த அந்த மனிதனும் இல்லை. நான் அவனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டிருந்தேன்.

"அதெல்லாம் எதுக்குங்ணா இனிமே" என்றான். "சாந்தா, அந்த நடையில பல்ப் போயிடுச்சின்னியே, புதுசு வாங்கியாந்தியா?"

அவள் வெளியே வந்து ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு அட்டைப் பெட்டியிலிருந்து பல்ப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். சுவரைத் தடவிக்கொண்டே நடைக்குப் போனான். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்ணா" என்றான். சுவிட்சை அணைத்துவிட்டாளா என்று இரண்டு தடவை கேட்டான். பக்கத்தில் இருந்த ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டான். கையை உயர்த்தி, பழையதை அழுத்தித் திருகி எடுத்து அவளிடம் நீட்டினான். புதியதை உள்ளங்கையில் ஒருமுறை எடை பார்த்தான். அழுத்தினான், திருப்பினான், விட்டான்.

சாந்தா சுவிட்சைப் போட்டாள். வாசல் வழியாக மதிய வெயில் நடை முழுக்க விழுந்திருந்தது.

முகத்தை மேலே தூக்கியபடியே கேட்டான்: "எரியுதுங்களாண்ணா?"